பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் குரங்கு மலேரியாவிலிருந்து தப்ப

முன்பெல்லாம் பன்றி விழுந்ததும் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் செய்த முதல் காரியம் சட்டையைக் கழற்றுவதுதான். அறுபது எழுபது கிலோ உடம்பை ஓடைக்கரை வரைக்கும் இழுத்து வந்திருப்போம், வியர்வை ஊற்றும். ஒருவர் பாராங் கத்தியைத் தீட்டுவார், ஒருவர் தீ மூட்டுவார், மற்றவர்கள் கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். மணி ஆறரை, ஏழு ஆகியிருக்கும். முடியைப் பொசுக்கி, குடலை எடுத்து, பங்கு போட்டு முடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். கையெல்லாம் ரத்தமாக இருப்பதால் முதுகில் உட்காரும் கொசுவை யாரும் அடிக்கக்கூட மாட்டார்கள்.

2016-இல் எனக்குக் குரங்கு மலேரியா வந்தது அப்படி ஒரு இரண்டு மணி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்த வாரம் நான் வேறு எங்கும் இரவில் வெளியே உட்காரவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் குவாலா லிப்பிஸ் பக்கம், பெந்தாவுக்கு உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். லைசென்சும் துப்பாக்கியும் நாய்களும் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியுடையவை. வழி பார்ப்பவர் செமாய் இனத்து ஒராங் அஸ்லி, அதாவது பழங்குடிப் பெரியவர். மற்ற நான்கு பேரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். இப்போது என் தங்கை மகனும் தன் கூட்டாளிகளோடு காட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேட்டைக்குப் போகாமல், காட்டோரத்து டுரியான் தோப்பில் இரவு காவல் இருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எந்தக் கொசு, எந்த நேரம்

மலேரியா நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. மனிதரிடமிருந்து கொசு வழியாக இன்னொரு மனிதருக்குப் போகிற உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்கின் ரத்தத்தில் வாழும் பிளாஸ்மோடியம் நோலசி என்ற ஒட்டுண்ணி அந்தக் கணக்கில் வராது. அது வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு வருகிறது. சபாவிலும் சரவாக்கிலும் அதிகம், தீபகற்பத்தில் கிளந்தான், பகாங் போன்ற மாநிலங்களின் காட்டுப் பகுதிகளிலும் உண்டு. இறந்தவர்களும் உண்டு.

நாம் கெரா என்று சொல்லும் நீண்டவால் குரங்கும், பெரோக் என்கிற குட்டைவால் குரங்கும் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அனோபிலிஸ் வகைக் கொசு குரங்கைக் கடித்து, பிறகு கீழே இருக்கும் நம்மைக் கடித்தால் நமக்கு வருகிறது. லிப்பிஸ் வட்டாரத்தில் இதைப் பரப்புவது அனோபிலிஸ் கிராசென்ஸ் என்று ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சபாவில் அது வேறு கொசு, ஆனால் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்குள் தேடி வருவதைவிட வெளியே கடிக்கும். பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்கும், முன்னிரவில்தான் மும்முரமாக இருக்கும். டிங்கிக் (டெங்கு) கொசு பகலில் கடிப்பது, இது இருட்டில் கடிப்பது.

இது எங்கே முட்டையிடுகிறது என்பதை அந்த செமாய் பெரியவர் ஒருநாள் எனக்குக் காட்டினார். பன்றி போன தடத்தில் குளம்பு பதிந்த குழி, அதில் மழைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் நிற்கிறது, மேலே இலை நிழல். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீரின் மேல்தோலோடு படுத்தாற்போல் சின்னச் சின்னப் புழுக்கள். நம் வீட்டு வாளியில் வளரும் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். இது தொங்காது, மட்டமாகப் படுத்திருக்கும். லோரி டயர் பதிந்த பள்ளத்தில்கூட அதே புழுவைப் பார்த்தேன். ஆக, நாம் எந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பன்றியைத் தேடிப் போகிறோமோ அந்தத் தடத்திலேயே கொசுவும் பிறக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021-க்குப் பிறகு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் எங்கள் பக்கம் காட்டுப்பன்றி குறைந்துபோனது. முன்பு செம்பனைத் தோட்டத்து ஓரத்திலேயே கிடைத்ததற்கு இப்போது உள்ளே போக வேண்டியிருக்கிறது. உள்ளே போகப் போகக் குரங்கும் கூடுகிறது, காட்டில் தங்கும் இரவும் கூடுகிறது.

போவதற்கு முன்

முதலில் துணி. காட்டுக்கென்று ஒரு செட் முழுக்கை சட்டையும் நீளக் காற்சட்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொளதொளவென்று இருக்கட்டும். உடம்போடு ஒட்டிய ஜெர்சி போட்டால் கொசு துணி வழியாகவே ஊசி போடும். காலுக்கு நாங்கள் எல்லாரும் கம்போங் அடிடாஸ்தான், அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அதோடு முழங்கால் வரை வரும் கால்பந்து காலுறையைப் போட்டு, காற்சட்டையின் அடியை அதற்குள் திணித்துவிடுங்கள். அட்டையும் ஏறாது.

அந்தத் துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடிப்பதுதான் நான் செய்கிற முக்கியமான வேலை. துணிக்கென்றே 0.5 சதவீதக் கரைசலாக விற்கிற ஸ்பிரேயை வாங்குங்கள். தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்கிற மருந்தை நீங்களே கலக்கி அடிக்க வேண்டாம், அதன் வீரியம் வேறு. சட்டை, காற்சட்டை, காலுறை, தொப்பி எல்லாவற்றையும் வெளியே கொடியில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் லேசாக நனையும் அளவுக்கு அடித்து, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். நான் முதல்நாள் மாலையே அடித்துவிடுவேன். ஈரமாக இருக்கும்போது பூனை பக்கத்தில் வரக் கூடாது, பூனைக்கு இது விஷம். மீன் தொட்டி, ஓடை பக்கமும் அடிக்காதீர்கள். தோலில் பூசவே கூடாது. ஒருமுறை அடித்தால் ஐந்தாறு சலவை வரை தாங்கும். மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

தோலுக்கு டீட் (DEET) என்ற கொசு விரட்டி உள்ள மருந்து. பாட்டிலைத் திருப்பிப் பார்த்து 20-லிருந்து 30 சதவீதம் வரை இருப்பதை வாங்குங்கள். பிக்காரிடின் 20 சதவீதம் இருந்தாலும் சரி. சித்ரனெல்லா எண்ணெய் மணமாக இருக்கும், ஆனால் வேர்க்கிற உடம்பில் நிற்காது. நான் பல வருடம் அதை நம்பி ஏமாந்தவன். டீட் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கரைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். தவுக்கேயின் துப்பாக்கிக் கட்டையை மருந்துக் கையோடு பிடித்து, மறுநாள் அதில் என் ஐந்து விரலும் பிசுபிசுவென்று பதிந்திருந்தது. உள்ளங்கையை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டால் போதும்.

என் மருமகன் கேட்டான், “மாமா, மருந்து பூசினால் பன்றி மோப்பம் பிடித்து ஓடிவிடாதே?” நியாயமான கேள்வி. பன்றியின் மூக்கு அப்படிப்பட்டது, எங்கள் தவுக்கே சிகரெட்டைக்கூட அனுமதிக்க மாட்டார். அதற்கு நான் கண்ட வழி இது. பெர்மெத்ரின் காய்ந்த பிறகு வாசம் கிடையாது, அதனால் துணி போகும்போதே உடம்பில் இருக்கட்டும். டீட் பையில் இருக்கட்டும். பன்றி விழுந்த உடனே, இழுத்து வருவதற்கும் முன்னால், கழுத்து, காதுமடல், மணிக்கட்டு, கணுக்கால் என்று திறந்திருக்கும் இடமெல்லாம் பூசுங்கள். பன்றி கிடைக்காத நாளில் மாலை ஆறு மணி ஆனதும் பூசுங்கள். ஆறு மணிக்கு என் போனில் அலாரம் வைத்திருக்கிறேன், சத்தமில்லாமல் அதிர்வு மட்டும்.

மாத்திரை முன்கூட்டியே போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல நாள் காட்டிலேயே தங்குகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் போன்றவற்றை டாக்டர் கொடுப்பது வழக்கத்தில் உண்டு. அதைக் காட்டிலிருந்து வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஒரு இரவுக்குப் போய் வருகிறவர்களுக்கு வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

காட்டில்

இடம் பார்த்துத் தங்குங்கள். கெரா கூட்டம் ஆற்றின் மேல் சாய்ந்திருக்கும் மரங்களில் இரவு அடையும். அந்த மரத்தடி மணலும் நீரும் கூடாரம் போட அழகான இடமாகத் தெரியும், எல்லாரும் அங்கேதான் போடுவார்கள். தரையில் பாதி கடித்த பழமும் குரங்குச் சாணியும் கிடந்தால் அந்த இடம் வேண்டாம், மேலே மேட்டுக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் குடிசையில் தங்குவதானால் சுற்றியுள்ள நீளப் புல்லைப் பகலிலேயே வெட்டிவிடுங்கள். சபாவில் நடத்தி 2017-இல் வெளியான ஒரு ஆய்வில், நோய் வந்தவர்களோடு வராதவர்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தோட்ட வேலை, வெளியே படுப்பது, பக்கத்தில் குரங்கு நடமாடுவது, காடு வெட்டுவது, வீட்டைச் சுற்றி நீளப் புல் என்று வந்தவர்கள் பக்கம் கூடுதலாக இருந்தது எல்லாம் நம் வாழ்க்கைதான்.

குரங்கைச் சுட்டுவிட்டால் நோய் போய்விடும் என்று ஒருவர் எங்களிடம் வாதாடினார். போகாது. ஒரு கூட்டத்தைக் கலைத்தால் இன்னொன்று வரும், அனுமதியில்லாமல் குரங்கைச் சுடுவது சட்டப்படியும் குற்றம்.

படுக்க வலைத்தொட்டில் கட்டுகிறவர்கள் மேலே கொசுவலை போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முதுகுப் பக்கம் துணி இழுபட்டு உடம்போடு ஒட்டியிருக்கும், கொசு அடியிலிருந்து குத்தும். அடிப்பக்கத்துக்கும் பெர்மெத்ரின் அடியுங்கள், அல்லது முதுகுக்கு ஒரு பாய் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் படுத்தால் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருக வேண்டும்.

பன்றி அறுக்கும் நேரத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான். சட்டையைக் கழற்றாதீர்கள். வேர்த்த சட்டை பிடிக்கவில்லை என்றால் மருந்தடித்த இன்னொன்றைப் பையில் கொண்டுபோய் மாற்றுங்கள். முடிந்தால் இருட்டுவதற்கு முன் குடலை மட்டும் எடுத்துவிட்டு, உடம்பை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து வீட்டுப் பக்கம் வைத்துப் பங்கு போடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கறி கெட்டுவிடும் என்று முதலில் சண்டை வந்தது. குடல் வெளியே வந்துவிட்டால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எங்களுக்கு இதுவரை ஒன்றும் கெடவில்லை. அங்கேயே அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தீயைப் புகையவிட்டு, ஒருவர் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு மற்றவர்களின் கழுத்திலும் முதுகிலும் மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசட்டும். ஆற்றில் கை கால் கழுவினால் மருந்தும் போய்விடும், மறுபடி பூச வேண்டும். புகையை மட்டும் நம்ப வேண்டாம், காற்று திரும்பினால் அவ்வளவுதான்.

பீர் குடித்தால் கொசு அண்டாது என்று சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் பீர் குடித்தவரிடம்தான் அனோபிலிஸ் கூடுதலாகப் போயிருக்கிறது. கறி மூலம் மலேரியா வராது, அதில் பயம் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்

காட்டுக்குப் போய் வந்த தேதியை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, என் மனைவி அதிலிருந்து நான்கு வாரம் எண்ணுவாள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அந்த நான்கு வாரத்தில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எனக்குப் பதினோராம் நாள் வந்தது. காலையில் லோரி ஏறும்போதே பல் அடித்துக்கொண்டது, மதியம் சட்டை நனைய வேர்த்தது, தலை பிளந்தது. இரண்டு பினாடோல் (பாராசிட்டமால்) போட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் அதே நேரத்தில் அதே குளிர். மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தன. டிங்கி மாதிரி இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடி, நாளை வா என்றார்கள். பப்பாளி இலைச் சாறு குடித்தேன். நான் காட்டுக்குப் போனதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீர் தேநீர் போல் கறுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன என் மனைவிதான் அங்கே வாசலிலேயே, “இவர் வேட்டைக்குப் போய் வந்தவர்” என்றாள். தட்டணு 38,000. ஒரு மணி நேரத்தில் மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஊசி ஏற்றி ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து கொடுத்தார்கள், பிறகு மூன்று நாள் மாத்திரை.

நாள்தோறும் அதே நேரத்தில் குளிர் வந்ததற்குக் காரணம் உண்டு. மற்ற மலேரியாக் கிருமிகள் ரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரமோ 72 மணி நேரமோ எடுக்கும். இது 24 மணி நேரத்தில் பெருகிவிடும். ஒருநாள் தள்ளிப்போட்டால் ஒரு சுற்றுக் கூடிவிடும். சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படுவது அதனால்தான். தட்டணு குறைவது டிங்கியிலும் இதிலும் ஒன்றுபோல் இருப்பதால் டாக்டருக்கே குழப்பம் வரும். நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

கவுண்டரிலேயே இப்படிச் சொல்லுங்கள்: “சாயா பாரு பாலிக் டாரி ஊத்தான், தோலோங் புவாட் பி.எஃப்.எம்.பி.” காட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தப்படலம் பாருங்கள் என்று அர்த்தம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட் அது. ரேபிட் டெஸ்ட் மட்டும் எடுத்து ஒன்றுமில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், அது நோலசியைத் தவறவிடுவது உண்டு. ரத்தப்படலத்திலும் முதல்முறை தெரியாமல், காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள். டிங்கியா இதுவா என்று தெரியும் வரை பினாடோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், குறிப்பாக ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும்.

லைசென்ஸ் இல்லாமல் போனவர்கள் பயந்து மறைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் போவது தப்புதான், ஆனால் ஆஸ்பத்திரியில் மறைத்தால் போவது உங்கள் உயிர். துப்பாக்கி பற்றி டாக்டர் கேட்க மாட்டார். காடு என்ற ஒரு சொல் போதும் அவருக்கு.

என் ரிப்போர்ட்டில் முதலில் பிளாஸ்மோடியம் மலேரியே என்ற இன்னொரு மலேரியாக் கிருமியின் பெயரை எழுதியிருந்தார்கள், பிறகு பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்து நோலசி என்று மாற்றினார்கள். வார்டில் இருந்த இளம் டாக்டரம்மா எனக்கு அதை விளக்கினார். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி தெரியுமாம். மலேரியே சாதுவானது, 72 மணி நேரச் சுற்று. சரவாக்கில் காப்பிட் பக்கம் மலேரியே என்று எழுதப்பட்ட நோயாளிகள் சாதுவாக இல்லாததைப் பார்த்துத்தான் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் இருவரின் குழு மரபணுச் சோதனை செய்தது. 2004-இல் வெளியிட்டார்கள்: 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு நோலசி. அதுவரை அபூர்வம் என்று நினைத்திருந்த நோய். இயற்கையாக மனிதருக்கு இது வந்ததை உலகம் முதல்முதலாக அறிந்தது 1965-இல், ஒரு அமெரிக்க நில அளவையாளரிடம். அவர் வேலை செய்தது எங்கள் பகாங் காட்டில், புக்கிட் கெர்த்தாவ் என்ற இடத்தில். அதைக் கேட்டு எனக்கு வார்டில் தூக்கமே வரவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் காட்டில் இருந்த நோய், வேட்டைக்காரன் எனக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை.

குணமான பிறகு இது ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வருவதில்லை. ஆனாலும் மறுபடி கொசு கடித்தால் மறுபடி வரும். ஒரு மாதம் வரை ரத்தம் பார்க்கக் கூப்பிடுவார்கள், போய்விடுங்கள். ரத்ததானம் செய்கிறவர்கள் அங்கே இதைச் சொல்லியாக வேண்டும்.

மலேரியா என்று தெரிந்ததும் சட்டப்படி ஆஸ்பத்திரி 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கும். அவர்கள் வீட்டுக்கு வந்து, எங்கே போனாய், கூட யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். நான் ஐந்து பேர் பெயரையும் கொடுத்தேன். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. அந்த ஐந்து பேரின் ரத்தத்தையும் எடுத்ததில், நான்கு நாளாக பினாடோல் போட்டுக்கொண்டு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கும் கிருமி இருந்தது. அன்று மாலையே அவரை என் பக்கத்துக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.